மரம் கலைக்குமுன் செலவைக் கணக்குப் போடும் முறை

நெருக்கமாக நட்ட தோப்பில் சில மரங்களை வெட்டி எடுத்து, மீதிக்கு இடம் விடுவதுதான் மரம் கலைப்பது. முதன்முதலாகக் கலைத்தபோது, மரத்துக்கு இவ்வளவு என்று கூலி பேசினேன். எண்ணிக்கை சரியாக இருந்தது. அடுக்கிய கட்டையை அளந்தபோதுதான் திக்கென்றது. அன்று முதல் ஒரு கன மீட்டருக்கு என்ன செலவு என்று மட்டுமே பார்க்கிறேன்.

10 செ.மீ. விட்டம், 10 மீட்டர் உயரம் உள்ள மரத்தில், வடிவக் காரணி (மரம் மேலே போகப் போக ஒல்லியாவதற்காகப் பெருக்கும் எண்) 0.45 என்று வைத்தால், 0.035 கன மீட்டர்தான் தேறும். ஒரு கன மீட்டர் சேர 28 மரங்களைச் சாய்க்க வேண்டும். 20 செ.மீ. விட்டம், 15 மீட்டர் உயரம் என்றால் ஐந்தே போதும். மரத்துக்கு மரம் நடப்பது, சாயும் திசை பார்ப்பது, கிளை கழிப்பது இவையெல்லாம் சின்ன மரத்துக்கும் உண்டு. முதல் கலைப்பில் கை கடிப்பது இதனால்தான்.

ஆகவே கூலி பேசுமுன் ஒரு நாள் வேலையைக் கடிகாரம் வைத்து அளந்துவிடுங்கள். நடை, வெட்டு, கிளை கழிப்பு, துண்டு போடுதல் எல்லாவற்றையும் தனித்தனியாகக் குறியுங்கள். தடங்கலையும் விடாமல் எழுதுங்கள். மணிக்கு 1.5 கன மீட்டர் வெட்டுகிறார்கள் என்று தோன்றும். ஆனால் அறுபதில் நாற்பது நிமிடமே வேலை நடந்தால் கைக்கு வருவது ஒரு கன மீட்டர். கூலி, எரிபொருள், ரம்பச் சங்கிலி, இயந்திரத் தேய்மானம் சேர்ந்த ஒரு மணிச் செலவை இந்த ஒன்றால்தான் வகுக்க வேண்டும்.

நெருக்கமான நடவில் பெரிய தடங்கல், வெட்டிய மரம் பக்கத்து மரத்தில் மாட்டிக்கொள்வது. அதன் அடியில் யாரும் போகக் கூடாது; தாங்கி நிற்கும் மரத்தை வெட்டவும் கூடாது. நேரம் போனால் போகட்டும்.

அடுத்தது, கட்டையை வெளியே இழுப்பது. 2 × 2 மீட்டரில் நட்டால் ஹெக்டேருக்கு 2,500 மரம். ஐந்தாவது வரிசைதோறும் முழுதாக எடுத்தால் 500 மரம் போய் நாலு மீட்டர் பாதை கிடைக்கும். அந்த வரிசையில் நல்ல மரமும் போகும். எனக்கும் மனசு கேட்பதில்லை. ஆனால் பாதை இல்லாமல் இழுத்தால் நிற்கும் மரங்களின் பட்டை உரிந்து, காயம் வழியே பூஞ்சை ஏறும். மீதி வரிசைகளில் கோணல், கவட்டை, பக்கத்து மரங்களின் நிழலில் நசுங்கிய மரங்களைப் பார்த்துப் பார்த்து எடுங்கள்.

மரம் பருக்கட்டும், செலவு குறையும் என்று ரொம்பவும் தள்ளிப்போடாதீர்கள். மீட்டரில் உள்ள உயரத்தை மீட்டரில் உள்ள விட்டத்தால் வகுத்து 100-ஐத் தாண்டினால், அந்த ஒல்லி மரங்கள் கலைத்த பிறகு காற்றுக்கு ஒடியும். அப்படிப்பட்ட இடத்தில் நான் ஒரே தடவையில் கலைக்காமல், இரண்டு தடவையாக லேசாக எடுக்கிறேன்.