புல்தரையை வேரிலிருந்து தேற்றுதல்: புதியவர்களுக்கான செய்முறை விளக்கம்

வீட்டுப் புல்தரை வெளிறத் தொடங்கியதும் பெரும்பாலோர் முதலில் தேடுவது உரத்தைத்தான். உரமிட்ட இரண்டு வாரங்களுக்குத் தரை பளிச்சென்று பசுமை காட்டுகிறது. அடுத்த வெயிலிலேயே முன்பைவிட மோசமாகக் காய்ந்துவிட, புல் வகையே சரியில்லை என்று முடிவு கட்டிவிடுகிறோம். இலையில் இன்று தெரியும் வாட்டம், வேரில் பல வாரங்களுக்கு முன்பே தொடங்கிய கோளாறின் வெளிப்பாடாகவே பெரும்பாலும் இருக்கும். ஆகவே இங்கே ஒவ்வொரு படியும் வேரை முன்வைத்தே விளக்கப்படுகிறது. உரம் ஆறாவது படியில்தான் வருகிறதே என்று பொறுமை இழக்க வேண்டாம். இறுகிய மண்ணிலும், அளவுக்கு மீறி ஒட்ட வெட்டப்பட்ட புல்லிலும் இடப்படும் உரம் களைக்கும் நோய்க்குமே அதிகம் உதவுகிறது.

படி 1: ஒரு துண்டைப் பெயர்த்துப் பார்த்தல்

மண் சற்று ஈரமாக இருக்கும் ஒரு நாளில், கண்ணில் அதிகம் படாத ஓர் ஓரத்தில், உள்ளங்கை அகலத்துக்கு நான்கு பக்கமும் 15 செ.மீ. ஆழம் கீறி, அந்தத் துண்டை மண்ணோடு பெயர்த்தெடுங்கள். அதில் மூன்றைக் கவனிக்க வேண்டும்.

முதலாவது, வேரின் நீளம். வெண்மையான, உறுதியான வேர்கள் 10 முதல் 15 செ.மீ. வரை இறங்கியிருந்தால் தரை நல்ல நிலையில் இருக்கிறது, 5 செ.மீ. அளவிலேயே பழுப்பு நிறமாகி நின்றுவிட்டால், அந்தப் புல் ஒவ்வொரு வெயிலுக்கும் வாடத்தான் செய்யும். இரண்டாவது, பச்சை இலைக்கும் மண்ணுக்கும் இடையே பழுப்பாக, அழுத்தினால் பஞ்சுபோல் அமுங்கும் அடுக்கு. மக்காத தண்டுகளும் வேர்களும் சேர்ந்து உருவாகும் இந்தச் சருகடுக்கு ஒரு செ.மீ. வரை இருந்தால் நன்மையே. அது மண்ணின் ஈரத்தைக் காக்கிறது. ஒன்றரை செ.மீ.க்கு மேல் தடித்துவிட்டால், நீர் மண்ணுக்குள் இறங்குவது தடைப்பட்டு, வேர்கள் அந்த அடுக்குக்குள்ளேயே சுற்றத் தொடங்கும். மூன்றாவது, மண்ணின் இறுக்கம். ஈரமான தரையில் ஒரு நீண்ட திருப்புளியைக் கையால் அழுத்தும்போது 10 செ.மீ. கூட இறங்கவில்லையென்றால், வேருக்கும் அங்கே வழியில்லை.

பார்த்து முடித்த துண்டை அதே இடத்தில் பொருத்தி, காலால் மிதித்து, நீர் ஊற்றிவிட்டால் அது மீண்டும் பிடித்துக்கொள்ளும். வேர் எத்தனை செ.மீ. இருந்தது என்பதைத் தேதியுடன் குறித்து வைப்பது நல்லது.

இதே சமயத்தில், தரையின் எட்டுப் பத்து இடங்களிலிருந்து 10 செ.மீ. ஆழம் வரை மண் எடுத்து, நன்கு கலந்து, அதிலிருந்து அரை கிலோவை மண் பரிசோதனைக்கு அனுப்பலாம். பெரும்பாலான புல் வகைகளுக்கு பி.எச். மதிப்பு 6 முதல் 7 வரை இருப்பது ஏற்றது. பரிசோதனை முடிவைப் பார்க்காமல் சுண்ணாம்பு தூவும் பழக்கத்தைக் கைவிடுங்கள். ஏற்கெனவே காரத்தன்மை மிகுந்த மண்ணில் சுண்ணாம்பைச் சேர்த்தால், இரும்புச் சத்து மண்ணில் இருந்தும் புல்லால் அதை உறிஞ்ச முடியாமல் இலை மஞ்சளாகும்.

படி 2: புல் வகையை அறிதல்

வீட்டுப் புற்களை வெப்பப் பருவப் புல், குளிர் பருவப் புல் என்று இரண்டாகப் பிரிக்கலாம். அருகம்புல்லும் அதன் கலப்பினங்களும், சோய்சியாவும், செயின்ட் அகஸ்டினும் முதல் வகை. இவை ஏறக்குறைய 27 முதல் 35 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் செழித்து வளரும். ஃபெஸ்க்யூ, ரை கிராஸ், ப்ளூகிராஸ் ஆகியவை இரண்டாம் வகை; இவற்றுக்கு 15 முதல் 24 டிகிரி வரை போதும். மண்ணைத் துளையிடுவது, உரமிடுவது, வெற்றிடங்களை நிரப்புவது ஆகிய அனைத்தையும் உங்கள் புல் தீவிரமாக வளரும் பருவத்திலேயே செய்ய வேண்டும் என்பதால்தான் இந்தப் பிரிவினை முக்கியமாகிறது. நிழலைப் பற்றியும் ஒரு வார்த்தை: அருகம்புல்லுக்கு நாளொன்றுக்கு ஆறு மணி நேர நேர்வெயிலாவது வேண்டும், அது கிடைக்காத மரத்தடியில் எவ்வளவு பாடுபட்டாலும் அது மெலிந்துகொண்டேதான் போகும்.

படி 3: வெட்டும் உயரத்தைத் திருத்துதல்

செலவே இல்லாமல் மிக விரைவில் பலன் தரும் படி இதுதான். புல்லின் வளர்முனை, மற்றச் செடிகளைப்போல் உச்சியில் இல்லாமல், தரையை ஒட்டி அடியில் இருக்கிறது. அதனால்தான் நுனியை எத்தனை முறை வெட்டினாலும் அது மீண்டும் வளர்கிறது. ஆனால் இலைதான் உணவு தயாரிக்கிறது. இலையை ஒரேயடியாகக் குறைத்தால், புல் வேரில் சேமித்த உணவை எடுத்து இலையை மறுபடி உருவாக்கும், வேரின் வளர்ச்சி அப்போது நின்றுபோகும். அடிக்கடி ஒட்ட வெட்டப்படும் தரையின் வேர் ஆழமில்லாமல் போவது இவ்வாறுதான்.

ஒரு முறை வெட்டும்போது மொத்த உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நீக்கக் கூடாது என்பதே அடிப்படை விதி. அருகம்புல்லை 2.5 முதல் 4 செ.மீ. உயரத்திலும், சோய்சியாவை 2.5 முதல் 5 செ.மீ. உயரத்திலும், அகன்ற இலையுடைய செயின்ட் அகஸ்டினை 6 முதல் 10 செ.மீ. உயரத்திலும், உயர்ந்து வளரும் ஃபெஸ்க்யூவை 6 முதல் 9 செ.மீ. உயரத்திலும் நிறுத்தலாம். 6 செ.மீ. உயரத்தில் வைக்க விரும்பினால், புல் 9 செ.மீ.யைத் தொட்டதும் வெட்ட வேண்டும் என்று பொருள். இத்தனை நாளுக்கு ஒரு முறை என்று நாள்காட்டியைப் பார்த்து வெட்டுவதைவிட, அடிக்கோலை வைத்து அளந்து வெட்டுவதே சரியானது. வெளியூர் சென்று திரும்பும்போது புல் 15 செ.மீ. வளர்ந்திருந்தால், முதல் நாள் 10 செ.மீ.க்கும், நான்கைந்து நாள் கழித்து 7 செ.மீ.க்கும் கொண்டுவந்து, பிறகு 6 செ.மீ.க்கு இறக்க வேண்டும். கோடையிலும் நிழலிலும் பரிந்துரைக்கப்பட்ட அளவின் மேல் எல்லையையே கடைப்பிடியுங்கள். உயர்ந்த புல் மண்ணுக்குக் குடையாகி, களை விதைகளுக்கு வெளிச்சம் கிடைக்காமல் செய்கிறது.

வெட்டிய மறுநாள் இலை நுனிகளை அருகில் சென்று பாருங்கள். நுனி நேராக இருந்தால் கத்தி கூராக இருக்கிறது. நார்நாராகப் பிய்ந்து, வெண்பழுப்பாகத் தெரிந்தால் கத்தி மழுங்கிவிட்டது. அந்தக் காயங்களின் வழியே ஈரமும் வெளியேறும், பூஞ்சணமும் உள்ளே நுழையும். புல் வெட்டும் இயந்திரத்துக்கு 1830ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்ற எட்வின் படிங், துணியின் மேற்பரப்பில் எழும் நூலிழைகளைச் சீராகக் கத்தரிக்கும் ஆலை இயந்திரத்தைப் பார்த்தே அதை வடிவமைத்தார். கத்தரிக்கும் தொழிலில் பிறந்த கருவியைக் கொண்டு புல்லைப் பிய்த்தெடுப்பது முறையல்ல.

ஈரமான புல்லை வெட்ட வேண்டாம். ஒவ்வொரு முறையும் திசையை மாற்றி வெட்டுங்கள். வெட்டிய துணுக்குகள் சிறியனவாக இருந்தால் அவற்றைத் தரையிலேயே விட்டுவிடலாம். அவை விரைவில் மக்கி, புல்லுக்கு ஓராண்டில் தேவைப்படும் தழைச்சத்தில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கைத் திருப்பித் தருகின்றன. துணுக்குகளால்தான் சருகடுக்கு தடிக்கிறது என்ற கருத்து பரவலாக இருந்தாலும் அது சரியன்று.

படி 4: நீர் பாய்ச்சும் முறையை மாற்றுதல்

தினமும் மாலையில் பத்து நிமிடம் ரப்பர் குழாயைப் பிடித்து நிற்பது மனதுக்கு இதமாக இருக்கலாம். புல்லுக்கு அது கெடுதல். மேல் மண் மட்டுமே நனைவதால் வேரும் மேலேயே தங்கிவிடுகிறது. இரவு முழுவதும் ஈரமாக இருக்கும் இலையில் பூஞ்சண நோய் பரவுகிறது. வளர்ச்சிப் பருவத்தில், மழையையும் சேர்த்து, வாரத்துக்கு ஏறக்குறைய 25 மி.மீ. நீரை ஒன்று அல்லது இரண்டு தவணைகளில், விடியற்காலையில் பாய்ச்சுவதே நல்ல முறை. மணற்பாங்கான மண்ணில் நீர் தங்காது என்பதால், இதே அளவை மூன்று தவணைகளாகப் பிரிக்கலாம்.

25 மி.மீ. என்பதை எப்படி அளப்பது? ஒரு சதுர மீட்டரில் ஒரு மி.மீ. நீர் நிற்பதற்கு ஒரு லிட்டர் தேவை. ஆகவே 100 சதுர மீட்டர் தரைக்கு வாரத்துக்கு 2,500 லிட்டர் வேண்டும். (இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகு தரையின் பரப்பைக் குறைத்துக்கொள்ள நினைப்பவர்களும் உண்டு, அதுவும் நல்ல முடிவே.) தெளிப்பான் வைத்திருப்பவர்கள், நேரான பக்கங்களையுடைய ஐந்தாறு டப்பாக்களைத் தரையில் ஆங்காங்கே வைத்து, 15 நிமிடத்தில் ஒவ்வொன்றிலும் எத்தனை மி.மீ. சேர்கிறது என்று அளந்தால், தேவையான நேரமும், நீர் சரிவர விழாத மூலையும் ஒரே சோதனையில் தெரிந்துவிடும். கையால் பாய்ச்சுபவர்கள், 15 லிட்டர் வாளி நிரம்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்க்க வேண்டும். ஒரு நிமிடத்தில் நிரம்பினால், 10 சதுர மீட்டருக்கு 25 மி.மீ. கொடுக்க ஏறக்குறைய 17 நிமிடம் ஆகும். களிமண்ணில் நீர் வழிந்தோடத் தொடங்கியதும் நிறுத்தி, அரை மணி நேரம் ஊறவிட்டு மீதியைத் தொடருங்கள்.

அடுத்த முறை எப்போது பாய்ச்சுவது என்பதைப் புல்லே தெரிவிக்கும். நடந்து சென்ற பிறகு காலடித் தடம் உடனே நிமிராமல் கிடந்தாலோ, பச்சையில் நீலச் சாம்பல் சாயல் தெரிந்தாலோ அன்று அல்லது மறுநாள் காலையில் நீர் தேவை.

கடும் வறட்சியில் பல புல் வகைகள் பழுப்பாகி உறங்கும் நிலைக்குச் செல்கின்றன. ஒரு கொத்தைப் பிடித்து இழுத்தால் எளிதில் வராமல் எதிர்த்து நின்றால் அது இன்னும் உயிருடன்தான் இருக்கிறது. அந்நிலையில், தொடர்ந்து முழுமையாகப் பாய்ச்சப் போகிறோமா, அப்படியே உறங்கவிடப் போகிறோமா என்று தீர்மானித்து அதில் உறுதியாக இருக்க வேண்டும். அவ்வப்போது கொஞ்சம் நீரூற்றி எழுப்பி, மறுபடி காயவிடுவது வேரின் சேமிப்பைத் தீர்த்துவிடும்.

படி 5: மண்ணை இளக்குதல்

திருப்புளிச் சோதனையில் மண் இறுகியிருந்தால், உள்ளீடற்ற குழல்களைக் கொண்ட துளையிடும் கருவியால் 6 முதல் 8 செ.மீ. ஆழத்துக்குத் துளையிட்டு, மண் உருளைகளை வெளியே எடுக்க வேண்டும். மண் ஈரமாக இருக்க வேண்டும், சேறாக இருக்கக் கூடாது. வெளியே வந்த உருளைகளைக் காயவிட்டு உதிர்த்துவிட்டால் போதும். ஆணி பதித்த செருப்பை மாட்டிக்கொண்டு நடப்பதால் பயனில்லை என்பதே என் கருத்து. அது மண்ணை எடுப்பதில்லை, துளையைச் சுற்றிய மண்ணை மேலும் நெருக்குகிறது.

துளையிட்ட கையோடு, சலித்த மக்கிய உரத்தை 5 மி.மீ. கனத்துக்குப் பரப்பி, வாரியால் துளைகளுக்குள் இழுத்துவிடுங்கள். 10 சதுர மீட்டருக்கு 50 லிட்டர் தேவைப்படும். இலை நுனிகள் வெளியே தெரிய வேண்டும். களிமண் தரையில் மணலைக் கொஞ்சமாகக் கலப்பதைத் தவிர்க்கவும். அது மண்ணை மேலும் கெட்டிப்படுத்தக்கூடும்.

படி 6: உரத்தைக் கணக்கிட்டு இடுதல்

உர மூட்டையில் உள்ள மூன்று எண்கள் முறையே தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்து ஆகியவற்றின் விழுக்காட்டைக் குறிக்கின்றன. ஒரு தவணையில் சதுர மீட்டருக்கு 5 கிராம் தழைச்சத்துக்கு மேல் வேண்டாம். 100 சதுர மீட்டருக்கு 500 கிராம். முதல் எண் 20 என்றால் 2.5 கிலோ உரம் போதும். யூரியாவில் 46 விழுக்காடு இருப்பதால் ஏறக்குறைய 1.1 கிலோவே போதும். அளந்ததை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை நீளவாக்கிலும் மறுபாதியைக் குறுக்குவாக்கிலும் தூவி, உடனே நீர் பாய்ச்சுங்கள். நான் தொடக்கத்தில் யூரியாவைக் கைப்பிடி கைப்பிடியாக வீசிவிட்டு, நீரை மாலையில் விடலாம் என்று இருந்துவிட்டேன். கை சென்ற வழியெல்லாம் கருகிய வளைவுகளாக ஒரு பருவம் முழுவதும் தெரிந்துகொண்டிருந்தது.

உறங்கும் புல்லுக்கு உரம் வேண்டாம். குளிர் பருவப் புல்லுக்கு இலையுதிர் காலத் தவணையே முதன்மையானது. வெப்பப் பருவப் புல்லுக்கு, அது முழுமையாகப் பச்சை பிடித்த பிறகு தொடங்க வேண்டும்.

படி 7: களையும் பூச்சியும்

களை எதைச் சுட்டுகிறது என்று முதலில் பாருங்கள். மூவிலைக் குளோவர் பரவினால் தழைச்சத்து குறைவு என்று கருதலாம். கோரை பெருகினால் பெரும்பாலும் நீர் தேங்குகிறது. கோரையின் தண்டை விரலிடுக்கில் உருட்டினால் மூன்று விளிம்புகள் தட்டுப்படும். அதைப் பிடுங்கும்போது கிழங்கு மண்ணிலேயே தங்கிவிடுவதால், புதிய தளிர் வரும்போதெல்லாம் சளைக்காமல் நீக்கிக் கிழங்கின் சேமிப்பைக் கரைக்க வேண்டும். புல் பாய்போல் சுருண்டு எழுந்து வந்தால், அடியில் வெண்ணிற வேர்ப்புழு இருக்கிறதா என்று தேடுங்கள், 30 செ.மீ. சதுரத்தில் ஐந்துக்கும் குறைவாக இருந்தால் நல்ல வேருள்ள தரை தாங்கிக்கொள்ளும், மருந்து தேவையில்லை.

படி 8: வெற்றிடங்களை நிரப்புதல்

காரணத்தை நீக்காமல் நிரப்பிய இடம் மறுபடி வெறுமையாகும். நடுவில் கருகி, சுற்றிலும் கரும்பச்சை வளையம் தெரிந்தால் நாயின் சிறுநீர் காரணமாக இருக்கலாம். நன்றாக நீரூற்றிக் கழுவிய பிறகே அங்கு வேலையைத் தொடங்குங்கள்.

மண்ணை 5 செ.மீ. கொத்தி, மக்கிய உரம் கலந்து சமப்படுத்துங்கள். அருகம்புல்போல் ஓடுதண்டால் பரவும் வகையாக இருந்தால், இரண்டு மூன்று கணுக்கள் உள்ள துண்டுகளை 10 முதல் 15 செ.மீ. இடைவெளியில், கணு மண்ணுக்குள்ளும் இலை வெளியிலும் இருக்குமாறு ஊன்றலாம். ஃபெஸ்க்யூபோல் கொத்தாக வளர்பவை தாமாக இடத்தை நிரப்பா என்பதால் விதைதான் வழி. விதையின் மேல் 5 மி.மீ.க்கு மேல் மண் போடாமல், காலால் மெல்ல மிதித்துவிடுங்கள். களை விதை முளைக்காமல் தடுக்கும் மருந்து இட்ட தரையில் புல் விதையும் முளைக்காது என்பதை நினைவில் வையுங்கள்.

நான்காம் படியில் சொன்ன நீர் விதிக்கு இங்கே மட்டும் விலக்கு உண்டு. முளைக்கும் வரை மேல் மண் காயாதவாறு, பூவாளியால் நாளுக்கு இரண்டு மூன்று முறை மென்மையாகத் தெளிக்க வேண்டும். ரை கிராஸ் 5 முதல் 10 நாளிலும், ஃபெஸ்க்யூ 7 முதல் 14 நாளிலும், ப்ளூகிராஸ் இரண்டு முதல் நான்கு வாரத்திலும் முளைக்கும். முளைத்த பிறகு தெளிப்பதைக் குறைத்து, ஒரு முறை ஊற்றும் அளவைக் கூட்டிக்கொண்டே வாருங்கள். புதிய புல் நீங்கள் நிறுத்த விரும்பும் உயரத்தைவிடப் பாதி அளவு கூடுதலாக வளர்ந்ததும், ஓர் இலையை விரலால் இழுத்துப் பாருங்கள். செடி வேரோடு வந்துவிட்டால் இன்னும் ஒரு வாரம் பொறுக்க வேண்டும், இலை மட்டும் அறுந்தால் வெட்டத் தொடங்கலாம்.