இஃப்-எல்ஸ் பெருகும்போது இன்டர்ஃபேஸ்: ஜாவாவில் எங்கிருந்து தொடங்குவது

இன்டர்ஃபேஸ் (ஒரு கிளாசில் என்னென்ன மெத்தட் இருக்க வேண்டும் என்று சொல்லும் ஒப்பந்தம்) எழுதுவது என்று முடிவு செய்துவிட்டு, அதை எங்கே வைக்கலாம் என்று தேடாதீர்கள். முதலில் கோடில் ஒரே இஃப்-எல்ஸ் திரும்பத் திரும்ப வரும் இடத்தைப் பிடியுங்கள். ஆர்டர் உறுதியானதும் வாடிக்கையாளருக்குத் தகவல் போக வேண்டும். எஸ்எம்எஸ் என்றால் ஒரு வழி, மின்னஞ்சல் என்றால் இன்னொரு வழி. ஆர்டர் ரத்தாகும் இடத்திலும் அதே இஃப், பணம் திரும்பும் இடத்திலும் அதே இஃப். நாளைக்கு வாட்ஸ்அப்பும் வேண்டும் என்றால் மூன்று இடத்தையும் தேடித் திருத்தணும், ஒன்று விட்டுப்போனாலும் கம்பைலர் வாயே திறக்காது.

சரி, இப்போது அழைக்கும் பக்கம் நின்று பாருங்கள். ஆர்டர் கிளாசுக்கு வேண்டியது என்ன? இவருக்கு இந்தச் செய்தியை அனுப்பு, அவ்வளவுதான். நோட்டிஃபையர் என்று ஒரு இன்டர்ஃபேஸ், அதில் அனுப்பு என்று ஒரே மெத்தட், இரண்டு பாராமீட்டர். மின்னஞ்சல் சர்வரின் எஸ்எம்டிபி போர்ட், எஸ்எம்எஸ் கேட்வேயின் சாவி எதையும் அந்த மெத்தடுக்குள் நுழைய விடாதீர்கள். அவை அந்தந்த கிளாசின் கன்ஸ்ட்ரக்டரோடு நிற்கட்டும். அப்புறம் எஸ்எம்எஸ்ஸுக்கு ஒரு கிளாஸ், மின்னஞ்சலுக்கு ஒரு கிளாஸ், இரண்டும் நோட்டிஃபையரை இம்ப்ளிமென்ட் செய்யும். ஆர்டர் கிளாஸ் தன் கன்ஸ்ட்ரக்டரில் நோட்டிஃபையரை வாங்கிக்கொள்ளும். அதற்குள்ளேயே நியூ போட்டு எஸ்எம்எஸ் ஆப்ஜெக்டை உருவாக்கினால் செய்த வேலை அத்தனையும் வீண்.

எந்த கிளாஸ் என்று தேர்ந்தெடுக்கும் இஃப் ஒன்று மிஞ்சும்தான். ஆப்ஜெக்டை உருவாக்கும் ஒரே இடத்தில் அது இருந்துவிட்டுப் போகட்டும்.

ஒரே அழைப்பு, ஆப்ஜெக்டைப் பொறுத்து வேறு வேறு கோடை ஓட்டுவதுதான் பாலிமார்ஃபிசம். அது வேலை செய்வது அழைப்பு நடக்கும் கணத்தில். வேரியபிளின் டைப் நோட்டிஃபையர் என்பதால் எந்த மெத்தடைக் கூப்பிடலாம் என்பதைக் கம்பைலர் பார்த்துக்கொள்கிறது. யாருடைய அனுப்பு ஓட வேண்டும் என்பதை, உள்ளே உண்மையில் இருக்கும் ஆப்ஜெக்டைப் பார்த்து ஜாவா புரோகிராமை ஓட்டும் ஜேவிஎம், ஓடும்போது முடிவு செய்கிறது. ஓவர்லோடிங்கில் அப்படி இல்லை. ஒரே பெயரில் இரண்டு மெத்தட் எழுதி, ஒன்று ஆப்ஜெக்ட் வாங்கும், மற்றது ஸ்ட்ரிங் வாங்கும் என்று வைத்தால், எது என்பது கம்பைல் நேரத்திலேயே வேரியபிளின் டைப்பை வைத்துத் தீர்ந்துவிடும். பலரும் குழம்புவது இங்கேதான். இம்ப்ளிமென்ட் செய்யும் மெத்தடின் மேல் ஓவர்ரைடு அனொட்டேஷனை மறக்காமல் போடுங்கள், பாராமீட்டர் டைப் மாறிப்போய் ஓவர்லோடு ஆகிவிட்டால் கம்பைலரே சொல்லிவிடும்.

நீங்கள் தினமும் தொடும் உதாரணம், ஜாவாவை டேட்டாபேசோடு இணைக்கும் ஜேடிபிசி. அதில் கனெக்‌ஷன், பிரிப்பேர்டு ஸ்டேட்மென்ட் இரண்டுமே இன்டர்ஃபேஸ்கள். மைஎஸ்கியூஎல்லோ போஸ்ட்கிரெஸோ, அதன் டிரைவர்தான் நிஜ கிளாஸைத் தருகிறது, உங்கள் ஜாவா கோட் பெரும்பாலும் அப்படியே இருக்கும். ஆனால் எஸ்கியூஎல் வாக்கியத்தில் அந்த டேட்டாபேசுக்கே உரிய சொற்கள் இருந்தால் அவற்றை மாற்றத்தான் வேண்டும், எந்த இன்டர்ஃபேஸும் அதை மறைத்துவிடாது.

இன்டர்ஃபேஸை முடிந்தவரை சின்னதாக வையுங்கள். பின்னால் ஒரு மெத்தட் சேர்த்தால் இம்ப்ளிமென்ட் செய்த எல்லா கிளாசும் கம்பைல் ஆகாமல் நிற்கும். 2014-ல் ஜாவா 8, இன்டர்ஃபேஸிலேயே கோடோடு எழுதப்படும் டிஃபால்ட் மெத்தடைக் கொண்டுவந்ததே முக்கியமாக இந்தச் சிக்கலுக்காகத்தான். ஒரே ஒரு கிளாஸ்தான் இருக்கிறது, டெஸ்டுக்குக்கூடப் போலி ஆப்ஜெக்ட் தேவையில்லை என்றால் இன்டர்ஃபேஸே வேண்டாம், நேராக கிளாஸை எழுதுங்கள். இரண்டாவது வரும்போது, கோட் எழுதும் ஐடிஇயில் எக்ஸ்ட்ராக்ட் இன்டர்ஃபேஸ் என்று கொடுத்தால் போதும், பிரித்துக் கொடுத்துவிடும்.