லண்டன் மகளின் பெயரும் கொழும்பு அம்மாவின் காசும்: கூட்டுக் கணக்கில் விடக்கூடாத தவறுகள்

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டுத் தனியே இருக்கும் பெற்றோர் பலரிடம் ஒரு கூட்டுக் கணக்கு இருக்கும். முதல் பெயர் அம்மாவுடையது, இரண்டாவது பெயர் லண்டனில் இருக்கும் மகளுடையது. காரணம் நல்ல காரணம்தான். தனக்கு ஏதும் நடந்தால் பிள்ளைகள் மரணசாசன வழக்கு என்று நீதிமன்றத்துக்கு அலையக்கூடாது. திடீரென்று ஆஸ்பத்திரிச் செலவு வந்தால் யாராவது காசு எடுக்கக்கூடியதாக இருக்க வேண்டும். மகள் லீவில் வந்து நிற்கும்போது காலி வீதியிலுள்ள வங்கிக் கிளைக்குக் கூட்டிப்போய்க் கையொப்ப அட்டையில் ஒரு கையெழுத்து வாங்கிவிடுவார்கள். திரும்பிப் போனதும் மகள் அதை மறந்துவிடுவாள்.

சில வருடங்களில் வேலை போகிறது, அல்லது கணவருக்குச் சுகமில்லாமல் போகிறது. வருமானம் குறைந்தவர்களுக்குப் பிரித்தானிய அரசு கொடுக்கும் யூனிவர்சல் கிரெடிட் உதவிக்கு விண்ணப்பிக்கிறாள். சேமிப்பு எவ்வளவு என்ற கேள்விக்கு லண்டன் கணக்கில் இருப்பதை மட்டும் எழுதுகிறாள். பொய் சொல்ல வேண்டும் என்ற எண்ணமே அவளிடம் இல்லை. நேர்மையான குடும்பங்கள்தான் இதில் அதிகம் மாட்டிக்கொள்கின்றன என்பதால்தான் இதை விரிவாக எழுதுகிறேன். (மாணவர் விசா, வேலை விசாவில் இருப்பவர்களுக்குப் பொதுவாக இந்த உதவிகள் கிடையாது. பெரும்பாலும் நிரந்தர வதிவிடமோ குடியுரிமையோ உள்ளவர்களுக்கே இது பொருந்தும்.)

“அம்மாவின் காசுதானே, நான் ஏன் சொல்ல வேண்டும்?”

பெரிய தவறு இதுதான். சேமிப்பு எந்த நாட்டில் இருந்தாலும் யூனிவர்சல் கிரெடிட் கணக்கில் சேரும். கூட்டுச் சொத்தில் யாருக்கு எவ்வளவு என்பதற்கு ஆதாரம் இல்லாவிட்டால், பெயர் உள்ள எல்லோருக்கும் சமபங்கு என்றே எடுத்துக்கொள்வார்கள். இரண்டு பேர் என்றால் பாதி, தம்பியையும் சேர்த்திருந்தால் மூன்றில் ஒன்று.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். யாழ்ப்பாணத்துக் காணியை விற்ற 50 லட்சம் ரூபாய், அம்மாவும் மகளும் சேர்ந்த நிலையான வைப்பில் கிடக்கிறது. பவுண்டு 400 ரூபாய் என்று வைத்தால், மகளின் பாதி 6,250 பவுண்டு. யூனிவர்சல் கிரெடிட்டில் 6,000 பவுண்டு வரையான சேமிப்பால் பாதிப்பில்லை. அதற்கு மேல் ஒவ்வொரு 250 பவுண்டுக்கும் மாதம் 4.35 பவுண்டு கழிப்பார்கள். 16,000 பவுண்டைத் தாண்டினால் உதவியே இல்லை. மகளிடம் வேறு சேமிப்பு இல்லை என்றால் அவளுக்கு வரும் நட்டம் மாதம் 4.35 பவுண்டு மட்டுமே. இதை மறைத்து என்ன பயன்?

ஆனால் லண்டனில் அவளுக்கு 11,000 பவுண்டு சேமிப்பு இருந்தால் கதை வேறு. அதை மட்டும் காட்டியபோது மாதம் 87 பவுண்டு கழித்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுத்தார்கள். கொழும்புப் பாதியையும் கூட்டினால் 17,250. விண்ணப்பித்த நாளிலிருந்து வாங்கிய முழுப் பணத்தையும் திருப்பிக் கேட்கலாம். கணவன் மனைவியாக விண்ணப்பித்தால் இருவரின் சேமிப்பையும் கூட்டுவார்கள், எல்லை மட்டும் அதே 16,000தான். மருமகனின் பெயர் தன் தாயின் கணக்கில் இருக்கிறதா என்பதையும் கேட்டுவையுங்கள்.

வாய்ப்பேச்சு ஆதாரம் ஆகாது

காசு முழுவதும் அம்மாவுடையது, மகளின் பெயர் வசதிக்காக மட்டும் போட்டது என்றால், அதை நிரூபித்து மகளின் பங்கு பூச்சியம் என்று ஏற்கவைக்கலாம். அதற்குக் கடதாசி வேண்டும். காணி விற்ற உறுதியின் பிரதி, அந்தக் காசு வைப்பில் வந்து சேர்ந்த நாளைக் காட்டும் வங்கி அறிக்கை, மாத வட்டி அம்மாவின் தனிக் கணக்குக்குப் போவதற்கான பதிவு. இந்த மூன்றும் ஒன்றையொன்று தாங்கி நின்றால் கதை தெளிவாக இருக்கும். காசு எங்கிருந்து வந்தது, யார் எடுத்துச் செலவழிக்கிறார், மகளின் பெயரை ஏன் சேர்த்தேன் என்று அம்மா கையெழுத்திட்டு ஒரு கடிதமும் கொடுக்கலாம். கடிதம் மட்டும் தனியாக நின்றால் அவ்வளவு பெறுமதி இல்லை.

இதையெல்லாம் கெடுப்பது காசைக் கலப்பதுதான். மகள் மாதாமாதம் அம்மாவின் மருந்துக்கு அனுப்புவதும் அதே கணக்குக்கு வருகிறது. லீவில் வரும்போது அதே கணக்கின் ஏரிஎம் அட்டையால் பம்பலப்பிட்டியில் சேலை எடுக்கிறாள், பிள்ளைகளுக்கு உடுப்பு வாங்குகிறாள். தாய் மகளுக்குள் இதில் கணக்கு வழக்கு ஒன்றும் இல்லை, உண்மைதான். ஆனால் அறிக்கையைப் புரட்டிப் பார்க்கும் அதிகாரிக்குத் தெரிவது, இரண்டு பேர் காசு போட்டு இரண்டு பேர் எடுக்கும் ஒரு கணக்கு. “எனக்கு இதில் பங்கில்லை” என்ற வார்த்தை அதோடு எடுபடாது. மருந்துக் காசை அம்மாவின் பெயரில் மட்டும் உள்ள வேறொரு சேமிப்புக் கணக்குக்கு அனுப்புங்கள். கூட்டுக் கணக்கின் அட்டை அம்மாவிடமே இருக்கட்டும்.

அவசரப்பட்டுப் பெயரை எடுப்பது

யூனிவர்சல் கிரெடிட் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்ததும் கொழும்புக்குப் போன் போட்டு, “அம்மா, நாளைக்கே என் பேரை வெட்டிவிடுங்கோ” என்பார்கள். சேமிப்பைக் குறைத்துக் காட்டவே பணத்தைக் கைமாற்றினார் என்று அலுவலகம் முடிவெடுத்தால், அந்தப் பணம் இன்னும் உங்களிடமே இருப்பதாகவே கணக்கிடும். முதலில் கணக்கு இருப்பதைச் சொல்லுங்கள், ஆதாரத்தைக் கொடுங்கள். அப்புறம் பெயரை எடுப்பதில் மறைக்க ஒன்றும் இல்லை.

எல்லா உதவியும் சேமிப்பைப் பார்ப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் வீண் பயம் வரும். பிள்ளைகளுக்கான சைல்ட் பெனிஃபிட், இயலாமைக்கான பிப், அரச ஓய்வூதியம் ஆகியவற்றுக்குச் சேமிப்பு ஒரு பொருட்டே இல்லை. முதியோருக்கான பென்சன் கிரெடிட்டில் 16,000 என்ற உச்சவரம்பு கிடையாது, ஆனால் 10,000 பவுண்டுக்கு மேல் ஒவ்வொரு 500க்கும் வாரம் ஒரு பவுண்டு வருமானமாகக் கொள்வார்கள்.

அம்மா காலமான பிறகு

இதைப் பேசவே யாருக்கும் மனம் வராது. கூட்டுக் கணக்கில் ஒருவர் இறந்தால் எஞ்சியவர் எடுக்கலாம் என்று எழுதியிருந்தால், வங்கி மகளிடம் பணத்தைக் கொடுத்துவிடும். அதுவரை அவளுடைய பங்கு பூச்சியம் என்று ஏற்றிருந்தாலும் நிலைமை அன்றோடு மாறிவிடுகிறது. அவளுக்கு உரித்தாகும் பங்கை யூனிவர்சல் கிரெடிட் இணையக் கணக்கிலேயே அறிவிக்க வேண்டும். செத்தவீட்டு அலுவல்களுக்கு நடுவில் இது தவறிப்போவது சாதாரணம். ஆகவே வீட்டில் நிதானமான ஒருவர் நினைவூட்டுவது நல்லது.

கொழும்புப் பக்கத்திலும் இதே சிக்கல் உண்டு. அப்பாவின் அரச பென்சன் வரும் கணக்கை வேறொருவர் இயக்கிவந்தால், அப்பா காலமான செய்தியைப் பிரதேச செயலகத்துக்குச் சொல்லும்வரை பணம் வந்துகொண்டே இருக்கலாம். அதை எடுத்தவர் திருப்பிக் கட்ட வேண்டும். இலங்கை அரசு வறிய குடும்பங்களுக்காக 2023இல் தொடங்கிய அஸ்வெசும கொடுப்பனவு குடும்பத்தின் பொருளாதார நிலை, சொத்து, வீட்டு நிலை முதலியவற்றைப் பார்த்துக் கொடுக்கப்படுவது. தெரிவானவர்கள் பற்றி மற்றவர்கள் ஆட்சேபனை தெரிவிக்கவும் வழி உண்டு. விவரம் கேட்கும்போது வெளிநாட்டிலிருந்து வரும் காசை மறைத்துவிட்டுப் பிறகு விளக்கம் சொல்வது கஷ்டம்.

உண்மையில் பெரும்பாலான குடும்பங்களுக்குக் கூட்டுக் கணக்கே தேவையில்லை என்பது என் எண்ணம். தன் காலத்துக்குப் பிறகு காசு மகளுக்குப் போக வேண்டும் என்றால், வங்கியில் அவளைப் பின்னுரித்தாளியாக நியமிக்கலாம். அம்மா உயிரோடு இருக்கும்வரை அந்தப் பணத்தில் அவளுக்கு எந்த உரிமையும் வராது. அவசரத்துக்குக் காசு எடுக்க ஓராள் வேண்டும் என்றால், கொழும்பிலேயே இருக்கும் நம்பிக்கையான ஒருவருக்கு, தன் சார்பில் செயற்படும் அதிகாரமான அற்றோணித் தத்துவம் கொடுக்கலாம். ஆஸ்பத்திரிக் கட்டிலில் அம்மா இருக்கும்போது லண்டனிலுள்ள கையெழுத்தால் ஆகப்போவது கொஞ்சம்தான்.

ஏற்கனவே சொல்லாமல் விட்டிருந்தால் இன்றைக்கே சொல்லுங்கள். கூடுதலாக வாங்கியதைத் திருப்பிக் கட்டத்தான் வேண்டும். கவனக்குறைவு என்று கண்டால் 50 பவுண்டு தண்டம் சேரலாம். வேண்டுமென்றே மறைத்ததாகக் கருதினால் 350இலிருந்து 5,000 பவுண்டு வரை தண்டம், அல்லது வழக்கு. அவர்கள் கண்டுபிடிப்பதற்கு முன் நீங்களாகச் சொல்வது உங்கள் பக்கத்துக்குப் பலம். திருப்பிக் கட்டும் தொகையைத் தவணையாகப் பிரிக்கவும் பேசலாம். கடிதம் எழுதத் தயக்கமாக இருந்தால் பிரித்தானியாவில் சிட்டிசன்ஸ் அட்வைஸ் நிலையங்களில் இலவசமாக ஆலோசனை கொடுக்கிறார்கள். போகும்போது வைப்புச் சான்றிதழ், கணக்குத் தொடங்கிய நாளிலிருந்தான வங்கி அறிக்கைகள், காணி உறுதியின் பிரதி ஆகியவற்றை அம்மாவிடமிருந்து எடுப்பித்துக் கொண்டு போங்கள். தமிழில் உள்ள உறுதிக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு தேவைப்படும். சத்தியப் பிரமாண மொழிபெயர்ப்பாளர்கள் கொழும்பில் தாராளமாக இருக்கிறார்கள்.