செய்த வயரிங்குக்கு நீங்களே சான்றிதழ் கொடுக்க என்ன தகுதி வேண்டும்? (இங்கிலாந்து)

"பதினெட்டாம் பதிப்புத் தேர்வில் தேறிவிட்டேன் அண்ணா, இனி நானே சான்றிதழ் எழுதலாம்தானே?" என்று கேட்டு வரும் தம்பிமாரிடம் நான் சொல்லும் முதல் பதில்: இன்னும் முடியாது. பிஎஸ் 7671 என்ற வயரிங் விதிநூலின் அந்தப் பதிப்பை உங்களுக்குப் புரட்டத் தெரியும் என்பதைத்தான் அந்தத் தேர்வு காட்டுகிறது. நூலைக் கையில் வைத்துக்கொண்டே எழுதும் தேர்வு அது. சோதனைக் கருவியைத் தொடாமலேயே அதில் தேறிவிடலாம்.

இன்ன தாள் இருந்தால்தான் கையெழுத்திடலாம் என்று சட்டம் பெயர் சொல்லிக் கேட்பதில்லை. வேலைக்குத் தகுந்த அறிவும் அனுபவமும் இருக்க வேண்டும் என்றுதான் 1989ஆம் ஆண்டின் மின்சாரப் பணி விதிகளும் சொல்கின்றன. ஆனால் ஏதாவது தவறு நடந்து, "இதைச் சோதிக்க உங்களுக்கு என்ன தகுதி?" என்று கேள்வி வந்தால் காட்ட ஏதாவது இருக்க வேண்டுமல்லவா?

அடித்தளம் மூன்றாம் நிலை என்விக்யூ என்ற தொழில் தகுதியும் ஏஎம்2 செய்முறைத் தேர்வும். மின்சாரத்தைப் பாதுகாப்பாகத் துண்டிப்பது, வயரிங், சோதனை, பழுது கண்டறிதல் எல்லாவற்றையும் ஏஎம்2வில் செய்து காட்ட வேண்டும். பல ஆண்டு வேலை செய்தும் தாள் இல்லாதவர்களுக்கு அனுபவப் பணியாளர் மதிப்பீடு என்று தனி வழி உண்டு. ஊரில் வேலை பழகி வந்தவர்கள் அதை விசாரியுங்கள். சில வாரப் பயிற்சியில் முழு எலக்ட்ரீஷியன் ஆக்கித் தருகிறோம் என்ற விளம்பரங்களுக்குப் பணம் கட்டாதீர்கள்.

அதற்கு மேல்தான் சோதனைக்கான தகுதி. எல்லாரும் "2391" என்று சொல்வது சிட்டி அண்ட் கில்ட்ஸ் என்ற தேர்வு அமைப்பின் தேர்வு. ஈஏஎல் நிறுவனத்திலும் இணையான தேர்வுகள் உண்டு. 2391-50 புதிதாகச் செய்த வேலையின் முதல் சோதனைக்கு, 2391-51 பழைய வயரிங்கின் காலமுறைச் சோதனைக்கு, 2391-52 இரண்டும் சேர்ந்தது. உங்கள் வேலைக்கு மட்டும் சான்று கொடுப்பதானால் 50 போதும். வாடகை வீடுகளுக்கான ஈஐசிஆர், அதாவது இருக்கும் வயரிங்கின் நிலை பற்றிய அறிக்கை எழுத ஆசை இருந்தால், முதலில் சில ஆண்டுகள் பழைய வீடுகளில் வேலை செய்துவிட்டு 51க்குப் போங்கள் என்பது என் கருத்து. இன்னொருவர் முப்பது ஆண்டுகளுக்கு முன் செய்ததை எடைபோடுவது வேறு கலை.

தேர்வில் பலர் தடுமாறும் இடம் சாக்கெட் வளையச் சுற்று, அதாவது போர்டில் தொடங்கி சாக்கெட்டுகள் வழியாகப் போய் மறுபடி போர்டுக்கே திரும்பும் சுற்று. முதலில் மின்சாரத்தைத் துண்டியுங்கள், பூட்டுங்கள், மின்சாரம் இல்லை என்பதை உறுதிசெய்யுங்கள். பிறகு லைன், நியூட்ரல், எர்த் மூன்றையும் முனைக்கு முனை அளவிடுங்கள். லைனும் நியூட்ரலும் 2.5, எர்த் 1.5 சதுர மில்லிமீட்டர் உள்ள கேபிளில் 50 மீட்டர் வளையம் என்று வையுங்கள். லைன் சுமார் 0.37 ஓம், நியூட்ரலும் அதே. எர்த் வயர் மெல்லியது என்பதால் 1.67 மடங்கு, அதாவது சுமார் 0.61 வர வேண்டும். இனி லைனின் ஒரு முனையை எர்த்தின் எதிர்முனையோடு மாற்றிச் சேர்த்து, ஒவ்வொரு சாக்கெட்டிலும் அளவிடுங்கள். லைன், எர்த் அளவுகள் இரண்டையும் கூட்டி நான்கால் வகுத்த 0.24 ஓம்தான் எங்கும் ஏறக்குறையக் கிடைக்க வேண்டும். ஒரே ஒரு சாக்கெட்டில் மட்டும் கூடினால் அது பெரும்பாலும் வளையத்திலிருந்து பிரிந்து போன கிளை, அல்லது திருகு தளர்ந்திருக்கிறது. வளையத்தின் நடுப்பகுதியை நோக்கிப் போகப் போக எண் ஏறிக்கொண்டே போனால் முனைகளைத் தவறாகச் சேர்த்திருக்கிறீர்கள். கருவி காட்டும் முன்பே எந்த எண் வரும் என்று சொல்லத் தெரிந்தவரைத்தான் நான் சோதனைக்குத் தனியே அனுப்புவேன்.

காப்புத்தடைக்கு, அதாவது வயர்களின் உறை மின்சாரத்தைக் கசியவிடாமல் தடுக்கும் அளவுக்கு, 500 வோல்ட்டில் குறைந்தது 1 மெகா ஓம் என்பது விதி. ஆனால் புதுக் கேபிளில் 2 மெகா ஓம் வந்தால் "விதிக்குள் இருக்கிறது" என்று எழுதிவிட்டுப் போகாதீர்கள். எங்கோ கேபிள் நசுங்கியிருக்கலாம், ஈரம் இறங்கியிருக்கலாம். தேடிக் கண்டுபிடியுங்கள். மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவியான 30 மில்லி ஆம்பியர் ஆர்சிடி, அந்த மின்னோட்டத்தில் 300 மில்லி விநாடிக்குள் விழ வேண்டும்.

இவ்வளவு இருந்தும் வீட்டு வேலைக்கு ஒரு படி மிச்சம். வீட்டு மின்வேலை பற்றிய கட்டட விதிகளின் பி பகுதி 2005இல் நடைமுறைக்கு வந்தது. இங்கிலாந்தில் இன்று புதிய சுற்று போடுவதும், ஃபியூஸ் போர்டு மாற்றுவதும், குளியலறையில் தொட்டி, ஷவரை ஒட்டிய பகுதியில் வயரிங்கை மாற்றுவதும் அறிவிக்க வேண்டிய வேலைகள். தன் வேலைக்குத் தானே சான்றளிக்க அனுமதிக்கும் என்ஐசிஇஐசி, நேப்பிட் போன்ற திட்டம் ஒன்றில் பதிவு செய்திருந்தால், வேலை முடிந்த 30 நாளுக்குள் அவர்கள் வழியாக அறிவித்துவிடலாம். பதிவு இல்லையென்றால் வேலை தொடங்கும் முன்பே உள்ளூராட்சியின் கட்டடக் கட்டுப்பாட்டுப் பிரிவுக்குச் சொல்லிக் கட்டணம் கட்ட வேண்டும். 2391 கையில் இருப்பது இந்தக் கடமையை நீக்காது. ஸ்காட்லாந்திலும் வட அயர்லாந்திலும் முறை வேறு.

பதிவு செய்ய மதிப்பீட்டாளர் நேரில் வருவார். காப்பீட்டுப் பத்திரம், நடப்பு விதிநூல், கருவியின் அளவீட்டுச் சான்று எல்லாம் கேட்பார். நீங்கள் முடித்த வேலை ஒன்றையும் பார்ப்பார். அதற்கு ஃபியூஸ் போர்டு மாற்றிய வீடு ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். சுவர் பூசும் முன் கேபிள் போன வழியைப் படம் எடுத்து வையுங்கள். சோதனை அட்டவணையின் ஒவ்வொரு கட்டத்தையும் அன்றே, அந்த இடத்திலேயே நிரப்புங்கள். அவர் கருவியை உங்கள் கையில் கொடுத்து ஏதாவது ஒரு சுற்றை மறுபடி அளவிடச் சொல்லக்கூடும். அதனால் அரை நாள் மின்சாரம் இல்லாமல் இருக்க வீட்டுக்காரர் சம்மதிப்பாரா என்று முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.