நகத்தில் விழுந்த பள்ளம்: எந்த மாதத்துக் காய்ச்சல் என்று கணக்கிடுவது எப்படி?

பொங்கல் முடிந்த கையோடு எனக்கு டிங்கி (டெங்கு) காய்ச்சல் வந்தது. ஏப்ரல் நடுவில் பார்த்தால் பத்து விரல் நகங்களிலும் குறுக்கே ஒரு பள்ளம். கோலாலம்பூர் செந்தூலில் பக்கத்து வீட்டு அக்கா "கால்சியம் குறைச்சல்" என்றார். அதில்லை. கடும் காய்ச்சலில் நக வளர்ச்சி சில நாள் தடைப்படும். அதன் தடம் இது. 1846-இல் போ (Beau) என்ற பிரெஞ்சு மருத்துவர் இதை விவரித்ததால் ‘போ கோடு’ என்பார்கள்.

1. நகப்பூச்சை அழித்துவிட்டு ஜன்னலோரம் உட்காருங்கள். பள்ளத்தைக் கண்ணால் தேடுவதைவிட இன்னொரு விரலால் வருடினால் சட்டென்று தெரியும். ஒரே நகத்தில் மட்டும் இருந்தால் கதவிடுக்கில் விரல் நசுங்கியிருக்கலாம், விட்டுவிடுங்கள்.

2. நகத்தின் அடிப்பக்கம் தோல் முடியும் இடத்திலிருந்து பள்ளம் வரை அளந்து பாருங்கள். இரும்பு ஸ்கேல்தான் சரி. கைப்பேசிச் செயலிகளை நான் நம்புவதில்லை.

3. கை நகம் மாதத்துக்குச் சுமார் 3 மி.மீ. வளரும். எனக்கு 6 மி.மீ. வந்தது. இரண்டு மாதம், அதாவது பிப்ரவரி! அப்போது நான் நன்றாக ஓடியாடிக்கொண்டிருந்தேனே? இங்கேதான் ஒரு வாரம் குழம்பினேன். நகம் பிறப்பது தோலுக்கு உள்ளே. பள்ளம் வெளியே எட்டிப்பார்க்கவே ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். அதையும் கூட்டினேன், ஜனவரி வந்துவிட்டது.

உங்கள் நகத்தின் சொந்த வேகம் தெரிய வேண்டுமா? மருதாணி வையுங்கள். அரைத்த இலைதான், கறுப்புக் கோன் வேண்டாம், அதன் ரசாயனம் தோலைப் புண்ணாக்கிவிடும். முப்பது நாள் கழித்து, சிவப்புக்குக் கீழே புதிதாக முளைத்த வெள்ளை இடைவெளியை அளந்தால் போதும். எனக்கு 3 மி.மீ., அம்மாவுக்கு இரண்டரைகூட இல்லை. வயதானால் அப்படித்தான். வில்லியம் பீன் என்ற அமெரிக்க மருத்துவர் தன் கட்டைவிரல் நகத்தை 35 ஆண்டு அளந்தார்: 32 வயதில் நாளுக்கு 0.123 மி.மீ., 67-இல் 0.095.

பிற்சேர்க்கை: நெடுக்காக ஓடும் வரிகளைப் பற்றிப் பலர் கேட்டுவிட்டீர்கள். அவை பெரும்பாலும் வயதின் வரிகள், கணக்கில் சேராது. நம் நிறத்தவர்களுக்குப் பல நகங்களில் பழுப்புக் கோடு இருப்பதும் சகஜம். ஆனால் ஒரே நகத்தில் புதிதாகக் கறுப்புப் பட்டை தோன்றி அகலமானாலோ, கறுப்பு தோலுக்கும் பரவினாலோ ஸ்கேலை வைத்துவிட்டுத் தோல் மருத்துவரிடம் போங்கள். அரிதாக அது புற்றுநோயாக இருக்கும்.