நூலகத்துக்கு ஒரு ஸ்டிக்கர்: மாணவர் ஓவியப் போட்டியை நடத்துவது எப்படி?

கிளை நூலகத்துக்கு ஸ்டிக்கர் வரையும் போட்டி நடத்த நினைக்கும் வாசகர் வட்ட நண்பர்கள், நோட்டீஸ் அடிப்பதற்கு முன்பே ஸ்டிக்கரின் அளவை முடிவு செய்துவிடுங்கள். நான் பள்ளியில் ஓவியம் சொல்லித்தருபவள். எங்கள் ஊர் நூலகத்தின் போட்டியையும் நான்தான் கவனித்துக்கொள்கிறேன். சார்ட்டில் கண்ணைப் பறிக்கும் படம், தண்ணீர் பாட்டிலில் ஒட்டும் அளவுக்குச் சுருங்கினால் வெறும் கறையாகிவிடும். அளவு தெரிந்த பிள்ளை அதற்கேற்ப யோசிக்கும்.

இரண்டரை அங்குல வட்டம் போதும். 12க்கு 18 அங்குலத் தாளில், வெட்ட இடம் விட்டு 24 ஸ்டிக்கர் வரும்; மூன்று அங்குலம் என்றால் 15தான். வரைவதற்கு இரண்டு மடங்கு, அதாவது ஐந்து அங்குல வட்டம் போட்ட ஏ4 தாளைக் கொடுங்கள். உள்ளே கால் அங்குலம் தள்ளி ஒரு புள்ளிக்கோட்டு வட்டம் இருக்கட்டும். எழுத்து, முகம் எல்லாம் அதற்குள். பின்னணி நிறம் மட்டும் வெளிவட்டத்தைச் சற்றுத் தாண்டிப் போகலாம். வெட்டும்போது கொஞ்சம் நகர்ந்தாலும் வெள்ளை விளிம்பு தெரியாது.

அடுத்தது, எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமானது. தாளை வீட்டுக்குக் கொடுத்தனுப்பாதீர்கள். பிள்ளைகளை நூலகத்துக்கு வரச்சொல்லுங்கள். வீட்டில் வரைந்தால் திறந்த புத்தகம், விளக்கு, உலக உருண்டை, இவைதான் வரும். நூலகத்தில் ஒரு மணி நேரம் உட்காரவைத்து, கண்ணில் படுவதை ரஃப் நோட்டில் கிறுக்கச் சொல்லுங்கள். தேதி முத்திரை, இரும்பு அலமாரி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பேப்பர் படிக்கும் தாத்தா, எதுவானாலும் சரி. எங்கள் நூலகத்தில் ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி வாசலில் கிடந்த செருப்புகளை மட்டும் வரைந்தாள். பெரிய தோல் செருப்பு, அதை ஒட்டி வார் அறுந்து ஊக்கு குத்திய ரப்பர் செருப்பு, ஓரத்தில் ஒரு சின்ன ஷூ. மேலே நூலகத்தின் பெயர், அவ்வளவுதான். யாரெல்லாம் உள்ளே இருக்கிறார்கள் என்று அந்தப் படமே சொல்லிவிட்டது.

ரஃப் படம் தயாரானதும் ஜெராக்ஸ் கடையில் ஐம்பது சதவீதத்துக்குச் சுருக்கி எடுங்கள். நகலை மேசைமேல் வைத்துவிட்டு இரண்டடி தள்ளி நின்று பாருங்கள். தடித்த ஸ்கெட்ச் பேனாவில் எழுதிய 'நூ', 'ழ', 'ண' ஆகியவற்றின் சுழிகள் அடைத்துக்கொண்டிருந்தால், எழுத்தைப் பெரிதாக்க வேண்டும், இல்லையென்றால் சொற்களைக் குறைக்க வேண்டும். கருப்பு வெள்ளையிலும் உருவம் தெளிவாகத் தெரிந்தால் தைரியமாக வண்ணம் தீட்டச் சொல்லலாம். போஸ்டர் கலரும் ஸ்கெட்ச் பேனாவும் அச்சில் நன்றாக வரும். கலர் பென்சில் வெளுத்துப்போகும்.

விதிகள் நாலைந்து போதும். சொந்தமாக வரைந்ததாக இருக்க வேண்டும், கார்ட்டூன் உருவங்களும் கட்சிச் சின்னங்களும் கூடாது, பெயரும் வகுப்பும் தாளின் பின்பக்கத்தில். படத்தை அச்சிடப் பெற்றோரின் கையெழுத்தும் வாங்கிவிடுங்கள். ஆறு முதல் எட்டாம் வகுப்புவரை ஒரு பிரிவு, ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்புவரை ஒரு பிரிவு. நடுவர்களில் நூலகரோடு அச்சகக்காரர் ஒருவரும் இருக்கட்டும். எந்தக் கோடு அச்சில் நிற்கும் என்று அவருக்குத்தான் தெரியும். படம் திருத்தமாக இருக்கிறதே என்று பெரியவர் கைபட்ட ஓவியத்துக்குப் பரிசு கொடுத்துவிடாதீர்கள். பிள்ளையின் கோணல் கோடு அப்படியே அச்சாக வேண்டும்.

பரிசளிப்புக்கு நவம்பர் 14 முதல் 20 வரை வரும் தேசிய நூலக வாரம் பொருத்தமானது. காலாண்டு விடுமுறை முடிந்ததும் அறிவித்தால் அவகாசம் சரியாக இருக்கும். ஆகஸ்டில் வசதி என்றால் 12ஆம் தேதி. அது சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர்.ரங்கநாதனின் பிறந்தநாள், தேசிய நூலகர் தினம்.

தேர்வான படத்தை செல்போனில் பிடிக்காமல், 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) ஸ்கேன் செய்யுங்கள். பாதியாகச் சுருக்கும்போது கூர்மை கூடும். பாட்டிலுக்கும் சைக்கிளுக்கும் வினைல் என்ற பிளாஸ்டிக் ஸ்டிக்கர், நோட்டுக்குக் காகித ஸ்டிக்கர். 'ஹாஃப் கட்' கேட்டால் பின்தாள் வெட்டுப்படாமல், உரித்து ஒட்டச் சுலபமாக வரும். மொத்தமாக அடிக்கும் முன் ஒரே ஒரு தாள் அச்சிட்டுப் பாருங்கள். திரையில் தெரியும் பச்சை தாளில் மங்கலாகத்தான் வரும்.

போட்டிக்கு வந்த எல்லாப் படங்களையும் பரிசளிப்பு நடக்கும் வாரம் முழுக்க நூலகச் சுவரில், பிள்ளைகளின் கண் உயரத்தில் மாட்டுங்கள். பங்கேற்ற ஒவ்வொருவருக்கும் ஸ்டிக்கர் கொடுங்கள். மிச்சத்தைப் புதிதாக உறுப்பினராகும் பிள்ளைகளுக்கு வைத்துக்கொள்ளலாம். கண்காட்சி முடிந்ததும் அசல் ஓவியங்களை மடிக்காமல், வரைந்தவர்கள் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.