33-இல் மட்டும் ஆடிய பழைய ரெக்கார்டு பிளேயர்

என்னுடைய எழுபதுகளின் டைரக்ட் டிரைவ் (பெல்ட் இல்லாமல் மோட்டாரே நேரடியாகச் சுழற்றும்) பிளேயரில் நாதஸ்வர எல்பி ரெக்கார்டு போட்டால் நீண்ட ஸ்வரங்கள் அலைந்தன. அதே தட்டு புதிய டைரக்ட் டிரைவில் சுத்தமாகப் பாடியது. பேரிங்குக்கு எண்ணெய் விட்டேன். பவர் சப்ளை கெப்பாசிட்டர்களை மாற்றினேன். பலனில்லை, நாட்கள்தான் போயின.

அப்புறம்தான் கவனித்தேன்: ஸ்ட்ரோப் (மின்சாரத்தோடு சேர்ந்து துடிக்கும் விளக்கு) வெளிச்சத்தில், வேகம் சரியாக இருந்தால் நிற்பதுபோல் தெரியும் சுழல்மேடையின் ஓரப் புள்ளிகள் நிமிடத்துக்கு 45 சுற்று வேகத்தில் அசையாமல் நின்றன, 33-இல் மட்டும் நகர்ந்தன. மோட்டாரோ பவரோ கெட்டிருந்தால் இரண்டிலும் ஆடியிருக்கும். இந்தப் பழையதில் ஒவ்வொரு வேகத்தையும் திருகிச் சரிசெய்யத் தனி வேரியபிள் ரெசிஸ்டர். புதியதில் குவார்ட்ஸ் படிகமே வேகத்தைப் பிடித்துவைக்கிறது. டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 எம்கே2-வில் அது 1979-லேயே வந்துவிட்டது.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு, 33-க்கான ரெசிஸ்டரில் கான்டாக்ட் கிளீனர் (தொடுமுனை அழுக்கை நீக்கும் ஸ்ப்ரே) அடித்து இருபக்கமும் பலமுறை திருகினேன். புள்ளிகள் நின்றன, அப்பாடா! நம் ஊர் மின்சாரத்துக்கு ஓரத்தில் 50 ஹெர்ட்ஸுக்கான புள்ளி வரிசையைத்தான் பார்க்க வேண்டும். 60-ஐப் பார்த்துத் திருகினால் வேகம் தப்பிவிடும்.